முதலில் திருப்பிப் போடுங்கள்

ஈரோட்டில் பதினெட்டு வருடமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இன்றும் உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணன் இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அண்ணன் என்று யாரும் கிடையாது. ஸ்க்ரூடிரைவர் என் கையில்தான் இருக்கிறது.

பிசினஸ் லேப்டாப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாக அனுப்பிவைத்தார். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் என்று கம்பெனிகள் மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுக்கிற வகையைத்தான் இந்தப் பெயரில் சொல்கிறோம். டெல் நிறுவனம் 2025-ல் லாட்டிட்யூட் என்ற பெயரை விட்டுவிட்டு 'டெல் ப்ரோ' என்று மாற்றிவிட்டது. கடையில் இரண்டு பெயரிலும் சரக்கு இருக்கும், குழம்ப வேண்டாம்.

அக்கா, நான் ஜிஎஸ்டி, வருமான வரி தாக்கல் செய்து கொடுக்கிறேன். நாளெல்லாம் டேலி, எக்செல். கிளையன்ட் கடைகளுக்கு பைக்கில் அலைய வேண்டும். கையில் 65,000 ரூபாய். ஒரு 14 இன்ச் பிசினஸ் லேப்டாப் பார்த்தேன். கடைக்காரர் அதே விலைக்கு கேமிங் லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்து, "அது டப்பா சார், இது ராக்கெட்" என்கிறார். எதை வாங்க?
வரி ஆலோசகர், கரூர்

ராக்கெட்டில் டேலி ஓட்டியதால் வவுச்சர் சீக்கிரம் விழுந்தது என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லைங்க. கடைக்காரர் சொல்வதில் பொய் இல்லை. அதே காசுக்கு கேமிங் லேப்டாப்பில் பிராசசரும் கிராஃபிக்ஸும் கூடுதலாகத்தான் கிடைக்கும். ஆனால் என் மேஜைக்கு வருகிற லேப்டாப்புகளில் பிராசசர் செத்து வந்தவை மிகக் குறைவு. கீல் உடைந்து வந்தவைதான் மலைமாதிரி.

அது எப்படி உடைகிறது என்று சொல்கிறேன். மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்க்கிற கீல் இரும்பு. அதைப் பிடிக்கிற ஸ்க்ரூ, பிளாஸ்டிக்கில் பதித்த ஒரு குட்டி பித்தளை மரைக்குள் இறங்குகிறது. விலை குறைந்த வகையில் அந்தப் பித்தளையைச் சுற்றி இருப்பது வெறும் பிளாஸ்டிக், அரிசி கனம்கூட இருக்காது. இரண்டு வருடம் திறந்து மூடியதில் கீல் இறுகுகிறது, பிளாஸ்டிக் காய்கிறது. ஒரு நாள் மூடியைத் தூக்கும்போது 'டப்'. பித்தளை பிய்ந்து, ஓரம் வாய் பிளந்து நிற்கும். அதன் பிறகு எம்-சீல், அரால்டைட் என்று ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டியதுதான். நல்ல பிசினஸ் மாடலில் அந்த இடத்தில் உலோகச் சட்டம் போட்டிருப்பார்கள்.

அதனால் கடையில் இரண்டையும் மேஜையில் முதலில் திருப்பிப் போடுங்கள். பிசினஸ் லேப்டாப்பின் அடி மூடியில் ஸ்க்ரூ எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நிறைய மாடல்களில் அவற்றைத் தளர்த்தினாலும் மூடியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும், கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருளாது. திறந்தால் பேட்டரி தனியாக, ஃபேன் தனியாக, ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டி ஒரே ஸ்க்ரூவில். மலிவு வகையில் பாதி ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், மீதியைக் கிளிப் பிடித்திருக்கும். அந்த ரப்பரைப் பிய்த்தவனுக்குத்தான் தெரியும், அது திரும்ப ஒட்டவே ஒட்டாது. அடுத்து ஒரு விரலால் மூடியைத் தூக்குங்கள், பிறகு ஒரு மூலையை மட்டும் பிடித்து மொத்தத்தையும் தூக்குங்கள். முறுக்கிக்கொண்டு முனகுகிறதென்றால் பைக்கில் போகிற உங்களுக்கு அது ஆகாது.

உங்களுக்கென்று இன்னொன்று இருக்கிறது. பென்டிரைவ் மாதிரி இருக்கிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பழைய செவ்வக யுஎஸ்பி. டைப்-சி துளை இரண்டு மட்டும் வைத்த மெல்லிய லேப்டாப் வாங்கினால், ஹப் ஒன்று வாங்கி அதில் டோக்கனைத் தொங்கவிட வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படித்தான் வைத்திருந்தார். மாத ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி இரவு பதினோரு மணிக்கு கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து ஹப் ஆடி டோக்கன் அறுந்தது. திரும்பச் செருகி, பாஸ்வேர்டு அடித்து, மறுபடி அறுந்து... அடுத்த நாள் காலையில் கடை திறக்கும் முன்பே ஷட்டர் முன்னால் நின்றார். பழைய யுஎஸ்பி துளை குறைந்தது இரண்டு லேப்டாப்பிலேயே இருக்கட்டும், எச்டிஎம்ஐ ஒன்று இருக்கட்டும்.

14 இன்ச்சில் வலதுபக்க எண்கள் இருக்காது, அது உங்களுக்குக் குறைதான். 15.6 இன்ச்சில் இருக்கும். ஆனால் கீபோர்டு முழுவதும் இடப்பக்கம் தள்ளிப்போய், கழுத்தைச் சற்றுத் திருப்பியே நாளெல்லாம் தட்டுவீர்கள். 14 இன்ச் வாங்கிவிட்டு தனியாக யுஎஸ்பி நம்பர்பேட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் கணக்குப்பிள்ளை வாடிக்கையாளர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பேசும்போது வாரண்டியையும் பேசிவிடுங்கள். மூன்று வருடம், ஆன்சைட். அதாவது ஆள் உங்கள் இடத்துக்கே வர வேண்டும். 'அடுத்த வேலைநாள்' என்று தாளில் இருந்தாலும் நம் ஊர்ப்பக்கம் பாகம் வந்துசேர இரண்டு மூன்று நாள் ஆகத்தான் செய்யும். ஆனாலும் லேப்டாப்பைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

குறையும் சொல்லாவிட்டால் நான் கமிஷன்காரி ஆகிவிடுவேன். இந்த வகையின் ஆரம்ப விலை மாடல்களில் திரை மோசம். 250 நிட்ஸ் வெளிச்சம், நிறம் பாதிதான். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் எக்செலுக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும். இங்கே ஒரு ஜவுளிக்காரர் அப்படிப்பட்ட திரையைப் பார்த்தே படத்தைத் திருத்தி ஆர்டர் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் திரையில் அரக்குச் சேலை செங்கல் நிறத்தில் தெரிய, அவர் சிவப்பைக் கூட்ட, வாங்கியவர் போனில் அது ரத்தமாகத் தெரிய, வாரம் இரண்டு சேலை திரும்பி வந்தது. எண்களோடு மட்டும் மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இது பாதகமில்லை. ஸ்பீக்கர் மட்டும் டப்பாவுக்குள் வண்டு கத்துவது மாதிரி இருக்கும், வீட்டில் படம் பார்க்கப் பிள்ளைகள் கேட்டால் டிவியைக் காட்டுங்கள்.

அக்கா, டிடிபி சென்டர் வைக்கப் போகிறேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய திங்க்பேட் டி480 ஒன்று 23,000 ரூபாய்க்குச் சொல்கிறார்கள். "கம்பெனியில் இருந்து வந்த சரக்கு, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்கிறார்கள். நம்பலாமா?
வாசகி, விழுப்புரம்

கம்பெனியில் இருந்து வந்த சரக்கு என்பது உண்மையாகவே இருக்கலாம். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடத்துக்கு வாடகை ஒப்பந்தத்தில் நூற்றுக்கணக்கில் எடுத்து, காலம் முடிந்ததும் மொத்தமாகத் திருப்பித் தந்துவிடுகின்றன. அவைதான் துடைத்து, பாலிஷ் போட்டு, தெருவுக்கு வருகின்றன. நானே அப்படி வந்த லேப்டாப் ஒன்றில்தான் வேலை பார்க்கிறேன். மாடல் தேர்வும் பரவாயில்லை. டி480 2018-ல் வந்தது, உள்ளே இன்டெல் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற்க வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பிராசசர் பெயரில் ஐ5-க்குப் பிறகு வரும் எண் 8-ல் தொடங்குகிறதா என்று பாருங்கள். 6, 7 என்று இருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

இனி, காசை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது. வெட்கப்படாமல் கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள்.

ஆன் செய்யும்போதே லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10 என்று தட்டினால் பயாஸ் திறக்கும், விண்டோஸுக்கு முன்னால் வருகிற அமைப்புத் திரை அது. அங்கே பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். "பேட்டரியைக் கழற்றி மாட்டினா போயிடும்மா" என்பார்கள். பழைய டெஸ்க்டாப்பில் போகும். இவற்றில் அது தனிச் சிப்பில் உட்கார்ந்திருக்கிறது, லேப்டாப் தயாரித்த கம்பெனிக்காரரைக் கேட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்.

அதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. போன வருடம் ஒரு கல்லூரி மாணவி புதிதாக வாங்கிய பழைய லேப்டாப்போடு வந்தாள். இரண்டு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. ஏதோ மெதுவாகிறதே என்று ரீசெட் கொடுத்திருக்கிறாள். வைஃபையில் சேர்ந்ததும் திரையில் ஒரு கம்பெனியின் பெயரும் வரவேற்பும், 'உங்கள் அலுவலக மின்னஞ்சலைத் தரவும்' என்று ஒரு கட்டமும். அதைத் தாண்டி வழி இல்லை. அந்தக் கம்பெனி லேப்டாப்பைத் தன் பட்டியலில் பதிந்துவைத்திருந்தது, விற்கும்போது நீக்க மறந்துவிட்டது. தெருக்காரர் இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டுக் கொடுத்ததால் இரண்டு மாதம் அது வெளியே தெரியவில்லை. அந்தப் பெண் கடைசியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறாள். அதனால் உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, முதல் திரையில் இருந்து டெஸ்க்டாப் வரை போய்ப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கடைப் பையன்களுக்கு அந்தக் கட்டளை மனப்பாடம். அதில் முதலில் செய்தபோது இருந்த கொள்ளளவும் இன்று நிரம்புகிற கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 24,000 இருந்த இடத்தில் இப்போது 14,000 என்றால் அறுபது சதவீதத்துக்கும் கீழே, புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். டி480-ல் இரண்டு பேட்டரி: ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி. உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும் என்பதால் லேப்டாப்பை அணைக்காமலேயே பின்பேட்டரியை மாற்றலாம். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு கரண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஊர்களில் இது பெரிய வரம். கூடுதலாக ஒரு பின்பேட்டரி வாங்கிச் சார்ஜ் போட்டு வையுங்கள்.

தமிழ் தட்டச்சுக்காகத் தனிக் கீபோர்டு தேட வேண்டாம், தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் திருமணப் பத்திரிகை அடிக்கிறவர் நீங்கள், மேலே ஜவுளிக்காரர் கதையைப் படித்திருப்பீர்கள். நிறம் பார்க்க ஒரு நல்ல வெளித்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 'ராணுவத் தரம்' என்று போட்டிருக்கிறார்களே, கீழே போட்டால் உடையாதா?
வாசகர், வேலூர்

உடையும். அவர்கள் சொல்கிற அந்தத் தரம், மில்-எஸ்டிடி-810 என்பது, அமெரிக்க ராணுவம் எழுதிவைத்த சோதனைமுறைகளின் தொகுப்பு. சூடு, குளிர், தூசி, அதிர்ச்சி என்று நிறைய இருக்கிறது. எவற்றைச் செய்துபார்த்தோம் என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வாரண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விழுந்து உடைந்ததற்குப் பணம் வேண்டுமென்றால் அதற்கான பாதுகாப்புத் திட்டத்தைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும்.

மேடம், பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. லேப்டாப் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்துகிறது, மத்தியானத்துக்கு மேல் எக்செல் நகரவே மாட்டேன் என்கிறது. விண்டோஸ் மாற்றினால் சரியாகுமா?
வாசகர், திருப்பூர்

ஆகாதுங்க. உங்கள் ஊர் லேப்டாப் என்று மேஜையில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். அடி மூடியைக் கழற்றி, ஃபேனைத் தூக்கினால், ஃபேனுக்கும் செம்புக் குழாயின் முனையில் இருக்கிற மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் ஒரு சின்னப் போர்வை படுத்திருக்கும். சாம்பல் நிறம், விரல் நீளம், தீக்குச்சி கனம். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வரும், நெய்த துணியைப்போல. நூல் பஞ்சு. உங்கள் கட்டிங் மேஜையில் பறக்கிற பஞ்சை ஃபேன் இழுத்து இழுத்துத் தகட்டில் அப்பிவைத்திருக்கிறது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று வெளியே போக இடமில்லை. பிராசசர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. உங்கள் எக்செல் தூங்குவது அதனால்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து எடுத்துவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பிராசசர் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசுங்கள். பிசினஸ் லேப்டாப்பில் இது இருபது நிமிட வேலை. தயாரிப்பாளர்களே திறக்கும் முறையைப் படத்தோடு இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், கை நிதானம் உள்ளவர் நீங்களே செய்யலாம். ஆனால் மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து புளோயர் அடிக்காதீர்கள். அந்தப் போர்வை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

அக்கா, இரண்டு வாரமாக டச்பேடை அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. லேப்டாப் மேஜையில் லேசாக ஆடுகிறது. மூன்று வருடமாக சார்ஜரிலேயேதான் இருக்கிறது. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும்?
பள்ளி அலுவலக எழுத்தர், நாகர்கோவில்

இந்தக் கடிதம் வந்து எத்தனை நாள் ஆனதோ தெரியவில்லை. தம்பி, உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். லேப்டாப்பை அணையுங்கள். டச்பேடில் கோளாறு இல்லை, அதற்குக் கீழே படுத்திருக்கிற பேட்டரி ஊதியிருக்கிறது. மேலே டச்பேடை முட்டுகிறது, கீழே அடி மூடியைத் தள்ளுகிறது, அதனால்தான் ஆட்டம்.

ஊதிய பேட்டரியை நான் எடுக்கும்போது உலோக நெம்புகோல் தொடுவதே இல்லை. பல்லாங்குழிச் சோழி மாதிரி வழுவழுவென்று உப்பியிருக்கும். அதைப் பார்த்தால் அமுக்கத் தோன்றும். அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது. உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. குப்பையிலும் போடாதீர்கள், மின்கழிவு எடுக்கிறவரிடம் கொடுக்கச் சொல்லி சர்வீஸ் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

புது பேட்டரி போட்டதும் முதல் வேலையாக எண்பது சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வையுங்கள். லித்தியம் பேட்டரிக்கு நிரம்பி வழியும் நிலையிலேயே, அதுவும் சூட்டிலேயே கிடப்பதுதான் பிடிக்காது. லெனோவோவில் வான்டேஜ் செயலியில் இந்த வசதி இருக்கிறது, டெல், ஹெச்பி பிசினஸ் மாடல்களில் பயாஸிலேயே உண்டு. மேஜையை விட்டு நகராத லேப்டாப்புக்கு இது கட்டாயம். ஊருக்குப் போகிற அன்று மட்டும் நூறுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உலோக உடம்பு லேப்டாப். சார்ஜ் போட்டிருக்கும்போது மணிக்கட்டில் சுர்ரென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது! ஆபத்தா?
இல்லத்தரசி, காரைக்குடி

சார்ஜர் கார்டின் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் இருந்தும் இரண்டு துளைக் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா? பெரும்பாலும் அதுதான். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி கப்பாசிட்டர் வழியாக மிகச் சின்ன அளவு மின்சாரம் லேப்டாப்பின் உலோக உடம்புக்குக் கசியும், அதை எர்த் கம்பி வாங்கிக்கொண்டு போக வேண்டும். எர்த் இல்லாததால் அது உங்கள் கை வழியாக வழி தேடுகிறது. டெஸ்டர் எரிய அந்தத் துளி போதும். சுவரில் இருக்கிற மூன்று துளை சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். அப்படியும் சுர்ரென்றால் வீட்டு எர்த்தில் கோளாறு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதில் சரியான வீடுகளும் உண்டு. எறும்பு ஊர்வதைத் தாண்டி அடித்தால் அந்தச் சார்ஜரைத் தொடவே வேண்டாம்.

கீபோர்டு நடுவில் சிவப்பாக ஒரு மிளகாய் விதை மாதிரி இருக்கிறதே, அது எதற்கு? என் மகன் அதைப் பிய்த்துவிட்டான். லேப்டாப் கெட்டுவிடுமா?
வாசகி, தஞ்சாவூர்

கெடாது. அது ரப்பர் தொப்பிதான், ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் பாக்கெட்டாகவே கிடைக்கும். பொடிப் பையன்கள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் டிராக்பாயின்ட். கீபோர்டில் இருந்து கையை எடுத்து மவுஸுக்குப் போய் வருகிற நேரம் வீணாகிறதே என்று ஐபிஎம்மில் டெட் செல்கர் என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கியது. விரலால் தள்ளுகிற பக்கம் அம்புக்குறி போகும். 1992-ல் முதல் திங்க்பேட் 700சி வந்தபோதே அது இருந்தது. அந்தக் கறுப்புப் பெட்டி வடிவம் ஜெர்மனியில் பிறந்து இத்தாலியில் வேலை பார்த்த ரிச்சர்ட் சாப்பர் என்பவருடையது. ஜப்பான்காரர்களின் கறுப்பு அரக்குப் பூசிய சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துப் பிடித்த யோசனை. வெளியே ஒன்றுமே இருக்காது, திறந்தால்தான் விருந்து. சிவப்பு நிறத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. ஐபிஎம் உள்விதிப்படி சிவப்பு, அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டும்தான். வடிவமைப்புக் குழு அதை 'மெஜந்தா' என்று காகிதத்தில் எழுதிக் காரியத்தை முடித்துக்கொண்டது. நம் ஊர் அலுவலகங்களில் மட்டும்தான் இந்தச் சாமர்த்தியம் உண்டு என்று நினைத்திருந்தேன். 2005-ல் திங்க்பேட் லெனோவோ கைக்குப் போன பிறகும் சிவப்பு போகவில்லை.

தொட்டுக்கொண்டே இருந்தால் சில நேரம் அம்புக்குறி தானாக ஒரு பக்கம் நகரும். விரலை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நொடி சும்மா இருங்கள், நின்றுவிடும். அதற்காகச் சர்வீஸுக்கு எடுத்துவராதீர்கள். எனக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

கன்ட்ரோல்-சி அடிக்கப் போனால் விரல் எஃப்என் சாவியில் விழுகிறது. பைத்தியம் பிடிக்கிறது!
வாசகர், மதுரை

பயாஸில் இரண்டையும் இடம் மாற்றும் வசதி இருக்கிறது. சாவியில் அச்சடித்த எழுத்து மாறாது. வீட்டில் மற்றவர் பயன்படுத்தினால் அவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

வீடியோ மீட்டிங்கில் என் முகம் கறுப்பாகவே இருக்கிறது. கேமரா மாற்ற வேண்டுமா?
வாசகர், சேலம்

திரைக்கு மேலே, கேமராவை ஒட்டி நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னத் தாழ் இருக்கிறதா? தள்ளுங்கள். இதற்காக பெருந்துறையில் இருந்து பஸ் ஏறி வந்தவர் ஒருவர் உண்டு. காசு வாங்க மனம் வரவில்லை, டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினேன். தாழ் திறந்தபின்னும் முகம் மங்கலாக இருந்தால் அது கேமராவின் லட்சணம். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள்.

அக்கா, கீபோர்டில் டீ கொட்டிவிட்டது. அரிசி மூட்டையில் வைத்திருக்கிறேன்.
வாசகர், கும்பகோணம்

அரிசியைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டிய அந்த நிமிடமே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூரை வைத்த மாதிரி கவிழ்த்திருக்க வேண்டும். சில பிசினஸ் மாடல்களில் கீபோர்டில் விழுந்த தண்ணீர் அடியில் வடிந்துபோகத் துளை வைத்திருப்பார்கள், உங்களுடையது அப்படி இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் டீயில் சர்க்கரையும் பாலும் இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், அது பிசுக்காக நின்று போர்டை அரிக்கும். 'காய்ந்துவிட்டது, ஆன் ஆகிறதா பார்ப்போம்' என்று மட்டும் பார்க்காதீர்கள். திறந்து கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

சின்னதாக மசாலாப் பொடி வியாபாரம். லேப்டாப் வாங்கினால் வரியில் ஏதாவது திரும்ப வருமா?
வாசகி, திண்டுக்கல்

மேலே கேள்வி கேட்ட கரூர்க்காரர் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். என் ஆடிட்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து, பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்து, தொழிலுக்கு வாங்கியதாகவும் இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். இணக்கமுறையில், அதாவது காம்போசிஷன் திட்டத்தில், சின்ன வரி கட்டுகிறவர்களுக்கு அது கிடையாது. வரி போக மீதி விலைக்கு வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம். வாங்கி உபயோகத்துக்கு வந்த நாள் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவு என்றால் அதில் பாதி. ஆகவே வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டால் செப்டம்பர் தாண்டவிடாதீர்கள். பில் போடும் நேரத்தில் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்ல மறந்துவிட்டு, பிறகு 'மாத்திக் குடுங்கண்ணா' என்று அலைகிறவர்களை எங்கள் தெருவிலேயே மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

நீங்கள் என்ன லேப்டாப் வைத்திருக்கிறீர்கள்?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பழையதுதான், எட்டாம் தலைமுறை. ஒரு கம்பெனி திருப்பிக் கொடுத்த லாட்டில் இருந்து எடுத்தேன். பின்னால் அவர்கள் ஒட்டிய சொத்து எண் ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. ரேம் 8-ல் இருந்து 16 ஆக்கினேன், எஸ்எஸ்டி மாற்றினேன், கீபோர்டு ஒருமுறை, பேட்டரி இரண்டு முறை. திரையின் இடது மூலையில் ஐந்து பைசா அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, யாரோ மூடிமேல் எதையோ அழுத்தி வைத்தது. ஸ்பீக்கரை நான் போட்டதே இல்லை. கீல் மட்டும் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஒரு விரலில் எழுகிறது.

டச்பேடின் இடது பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை கேட்கும். ஆறு மாதமாகிறது. மாற்ற வேண்டிய பாகமும் மேஜை டிராயரிலேயேதான் கிடக்கிறது.